உலகத்து விதைகளைச் சேர்த்து வைத்தவர், பசியால் இறந்தார்: கோதுமை விஞ்ஞானி வாவிலோவின் கதை

புது ரக விதை வாங்கும்போது நாம் கேட்பது மூன்று கேள்விகள்தான். மகசூல் எவ்வளவு வரும்? எத்தனை நாள் பயிர்? நோய் தாங்குமா? அந்த நோய் தாங்கும் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது ஏதோ ஒரு மலைக் கிராமத்தில், பேர் தெரியாத ஒரு விவசாயி தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த நாட்டு ரகத்திலிருந்தோ, வேலியோரம் தானாக முளைத்த காட்டுப் பயிரிலிருந்தோ வந்திருக்கும்.

இதை நூறு வருடங்களுக்கு முன்பே உணர்ந்து, உலகம் முழுவதும் சுற்றி விதை சேர்த்தவர் நிக்கோலாய் வாவிலோவ். ரஷ்யாவைச் சேர்ந்தவர். இன்று உலக நாடுகள் வைத்திருக்கும் மரபணு வங்கிகளுக்கெல்லாம் முன்னோடி அவர். கோதுமைதான் அவருடைய முதல் பயிர், கடைசிப் பயிரும் அதுதான். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், கையில் இருக்கும் விதைக்கு என்ன மதிப்பு என்பது நமக்குப் புரியும்.

பஞ்சம் நிறைந்த நாட்டில் பிறந்தவர்

வாவிலோவ் 1887 நவம்பர் 25-ல் மாஸ்கோவில் பிறந்தார். அப்பா இவான் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நகரத்துக்கு வந்து, துணி வியாபாரத்தில் முன்னேறியவர். தம்பி செர்கேய் பிற்காலத்தில் பெரிய இயற்பியல் விஞ்ஞானி ஆனார்.

அந்தக் காலத்து ரஷ்யாவில் சில வருடங்களுக்கு ஒருமுறை மழை பொய்க்கும், கோதுமை கருகும், கிராமங்கள் காலியாகும். வாவிலோவ் சின்னப் பிள்ளையாக இருந்த 1891-92-ல் வோல்கா ஆற்றுப் பகுதியில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். வியாபாரத்தில் பிள்ளை தன் பின்னால் வருவான் என்று அப்பா எதிர்பார்த்தார். பிள்ளையோ மாஸ்கோ வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். பயிரைத் தின்னும் நத்தைகளைப் பற்றித்தான் அவருடைய முதல் ஆராய்ச்சி.

துரு நோயில் தொடங்கிய தேடல்

கோதுமைக்குப் பெரிய எதிரி துரு நோய். இலையிலும் தண்டிலும் இரும்புத் துரு போலப் பொடி படியும். தொட்டால் விரலில் ஒட்டும். மஞ்சள் துரு, பழுப்புத் துரு, கருந்துரு என்று மூன்று வகை உண்டு. பூஞ்சை வித்துகள் காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போகும். நோய் முற்றினால் மணி சுருங்கிப் பதராகிவிடும்.

ஒரே வயலில், ஒரே நாளில் விதைத்த பல ரகங்களில் சில மட்டும் இந்த நோயில் தப்பிப்பதை வாவிலோவ் கவனித்தார். அது ஏன் என்ற கேள்வியோடு 1913-ல் இங்கிலாந்து போனார். துருவைத் தாங்கும் குணம் தாய்ப் பயிரிலிருந்து பிள்ளைப் பயிருக்குக் கணக்காக இறங்கி வருகிறது என்று அங்கே ரோலண்ட் பிஃபென் என்ற விஞ்ஞானி ஏற்கெனவே காட்டியிருந்தார். மரபியல் என்ற துறையை வளர்த்த வில்லியம் பேட்சனிடமும் வாவிலோவ் பாடம் கற்றார்.

அங்கிருந்து அவர் எடுத்து வந்த கருத்து எளிமையானது. நோய் தாங்கும் குணத்தை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது. அந்தக் குணம் எந்தப் பயிரில் ஏற்கெனவே இருக்கிறதோ, அதைத் தேடிப் பிடித்து நம் ரகத்தோடு ஒட்டுச் சேர்க்க வேண்டும். அப்படியானால் தேட வேண்டிய இடம் எது? அவருடைய வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்விக்கே செலவானது.

கெட்ட ரொட்டியும் பாமீர் மலையும்

1916-ல், முதல் உலகப் போர் நடந்த சமயம், வட பாரசீகத்தில் இருந்த ரஷ்யப் படை வீரர்கள் ரொட்டி சாப்பிட்டதும் தலைசுற்றி, குடித்தவர்கள் போலத் தள்ளாடினார்கள். காரணம் கண்டுபிடிக்க வாவிலோவை அனுப்பினார்கள். கோதுமை வயலில் கலந்து வளர்ந்த ஒரு களைப்புல்லின் நச்சு விதை மாவோடு சேர்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்தார். உள்ளூர் மாவைத் தவிர்க்கச் சொன்னதும் பிரச்சினை தீர்ந்தது.

வந்த வேலை முடிந்தும் அவர் திரும்பவில்லை. குதிரையில் ஏறிப் பாமீர் மலைக்குப் போனார். மற்ற ஊர்களோடு அதிகம் தொடர்பில்லாத அந்தப் பள்ளத்தாக்குகளில், வேறெங்கும் காணாத கோதுமை வகைகளைப் பார்த்தார். மலை ஏற ஏற இன்னொரு விஷயமும் அவர் கண்ணில் பட்டது. அடிவாரத்தில் கோதுமை வயலில் களையாக ஒன்றிரண்டு நின்ற ரை என்ற தானியம், மேலே போகப் போக அதிகமானது. குளிர் கடுமையாக இருந்த உயரத்தில் கோதுமை பின்வாங்கி, களையாக இருந்த ரை பயிராகவே ஆகிவிட்டது. இன்று ஒரு நாடே சாப்பிடும் தானியம் ஒரு காலத்தில் கோதுமை வயலின் களையாக இருந்தது என்று அவர் விளக்கினார்.

சரத்தோவில் சொன்ன விதி

1917-ல் வோல்கா கரையில் உள்ள சரத்தோவ் நகரத்தில் பேராசிரியர் ஆனார். அது புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடந்த காலம். சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அந்த நிலையிலும் மாணவர்களோடு வயலில் இறங்கி ஆயிரக்கணக்கான பாத்திகளைப் போட்டுப் பார்த்தார்.

1920-ல் அவர் ஒரு விதியை வெளியிட்டார். நெருங்கிய உறவுள்ள பயிர்களில் ஒரே மாதிரியான மாறுபாடுகள் வரிசையாகக் காணப்படும் என்பதுதான் அது. ஒரு வகைக் கோதுமையில் மீசையுள்ள கதிரும் மீசையில்லாத கதிரும் இருந்தால், அதன் உறவான இன்னொரு கோதுமையிலும் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று கண்ணில் படவில்லை என்றால், இன்னும் சரியாகத் தேடவில்லை என்று பொருள். தேடிப் போகிறவருக்கு எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் வழிகாட்டி இது.

அடுத்த வருடம் பெத்ரோகிராத் நகரத்துக்குப் போய், நாட்டின் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்த நகரம்தான் பிறகு லெனின்கிராத் ஆனது. அதே 1921-ல் வோல்கா பகுதியில் மறுபடியும் பெரும் பஞ்சம். பயிர் ஆராய்ச்சி என்பது உயிர் காக்கும் வேலை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்துகுஷ் மலையில் ஒரு பயணம்

1924-ல் ஆப்கானிஸ்தான் போனார். குதிரைகளோடு சுமார் 5,000 கிலோமீட்டர் சுற்றினார். இந்துகுஷ் மலையைக் கடந்தார். அந்தப் பாதைகளில் வெளிநாட்டவர் போவதே அபூர்வம். ஆயிரக்கணக்கான விதை மாதிரிகளோடு திரும்பினார்.

அவர் விதை சேர்த்த முறையை நாம் கவனிக்க வேண்டும். வயலில் கதிர் பறிப்பார். களத்துமேட்டில் தானியம் கேட்பார். சந்தைக்குப் போய் ஒவ்வொரு வியாபாரியிடமும் ஒரு பிடி வாங்குவார். எந்த ஊர், எவ்வளவு உயரம், எப்போது விதைப்பு, எப்போது அறுவடை என்று விவசாயிகளிடம் கேட்டு எழுதிக்கொள்வார். போகும் நாட்டின் மொழியை ஓரளவாவது கற்றுக்கொண்டுதான் போவார். அவர் இரவில் நான்கைந்து மணி நேரம்தான் தூங்குவார் என்று கூட வேலை செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ரொட்டிக் கோதுமையின் வகைகள் ஆப்கானிஸ்தானிலும் அதைச் சுற்றிய மலைப் பகுதிகளிலும் மிக அதிகமாக இருப்பதை அவர் பார்த்தார். குட்டைக் கதிர், நெட்டைக் கதிர், வெள்ளை மணி, சிவப்பு மணி என்று ஒரே வயலில் பல வகை கலந்து நின்றது. ஒரு பயிரில் வகைகள் எங்கே மிக அதிகமோ, அங்கேதான் அந்தப் பயிர் நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். இப்படிப் பயிர்கள் பிறந்த மையங்களை வரைபடத்தில் குறித்து 1926-ல் வெளியிட்டார். தென்மேற்கு ஆசியா, மத்தியதரைக் கடற்கரை, எத்தியோப்பியா, சீனா, மெக்சிகோ, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை ஆகியவை அந்த வரைபடத்தில் இடம் பெற்றன. பிறகு இந்தியாவையும் தனி மையமாகச் சேர்த்தார். கத்தரி, மா, மிளகு ஆகியவை நம் மண்ணின் பயிர்கள் என்று அவர் பட்டியல் சொல்கிறது.

எத்தியோப்பியாவின் மீசையில்லாக் கோதுமை

1926, 1927 வருடங்களில் மத்தியதரைக் கடல் நாடுகளில் சுற்றினார். சிரியாவில் மலேரியாக் காய்ச்சல் வந்தும் பயணத்தை நிறுத்தவில்லை. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடந்து, எத்தியோப்பியாவுக்குள் கோவேறு கழுதைக் கூட்டத்தோடு போனார்.

எத்தியோப்பிய மலை வயல்களில் துரம் கோதுமை வளர்ந்தது. ரவைக்கும் சேமியாவுக்கும் ஏற்ற கெட்டி மணிக் கோதுமை இது. ஊதா நிற மணிகள் கொண்ட வகைகளும் அங்கே இருந்தன. அதுவரை துரம் கோதுமை என்றால் நீண்ட மீசை கட்டாயம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மீசையில்லாத துரம் கோதுமையும் எங்காவது இருக்க வேண்டும் என்பது 1920-ல் அவர் சொன்ன விதியின் கணக்கு. எத்தியோப்பியாவில் அது கிடைத்தது.

துரம் கோதுமை எத்தியோப்பியாவில்தான் பிறந்தது என்று அவர் நினைத்தார். பின்னால் வந்த ஆராய்ச்சி இதைத் திருத்தியது. கோதுமை வீட்டுப் பயிரானது மேற்கு ஆசியாவில். எத்தியோப்பியாவுக்கு அது பழங்காலத்திலேயே போய், அங்குள்ள மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் தனித்தனியாகப் பிரிந்து பல வகையானது. ஆனாலும் வகைகள் மலிந்த இடங்களைக் காக்க வேண்டும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து மாறவில்லை.

1929-ல் மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா. 1930-லும், 1932-33-லும் அமெரிக்கக் கண்டம். அங்கே மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பீன்ஸ் வகைகளைச் சேர்த்தார்.

கோதுமையில் எத்தனை உறவு

வாவிலோவ் ஏன் காட்டுப் புல்லையும் விடாமல் சேர்த்தார் என்பது புரிய, கோதுமையின் குடும்பத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

* ஒற்றை மணிக் கோதுமை: 14 குரோமோசோம் கொண்டது. மிகப் பழைய சாகுபடிப் பயிர்களில் ஒன்று.
* எம்மர் கோதுமையும் துரம் கோதுமையும்: 28 குரோமோசோம் கொண்டவை. எம்மரில் உமி மணியோடு ஒட்டியிருக்கும், குத்தித்தான் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று சொல்வது இந்த எம்மர் வகையைத்தான்.
* ரொட்டிக் கோதுமை: 42 குரோமோசோம் கொண்டது. இன்று உலகில் விளையும் கோதுமையில் பெரும்பகுதி இதுதான்.

ரொட்டிக் கோதுமை எப்படி வந்தது? சாகுபடியில் இருந்த 28 குரோமோசோம் கோதுமை, காஸ்பியன் கடல் பக்கம் வயலோரம் நின்ற ஒரு காட்டுப் புல்லோடு தற்செயலாக ஒட்டுச் சேர்ந்தது. இது நடந்து எட்டாயிரம், ஒன்பதாயிரம் வருடம் இருக்கலாம். அப்படிச் சில செடிகளில் மட்டும் நடந்த சேர்க்கையிலிருந்து உலகத்து ரொட்டிக் கோதுமை முழுவதும் பெருகியது. அதனால் அந்தக் காட்டுப் புல்லில் இருந்த நல்ல குணங்களில் கொஞ்சம்தான் கோதுமைக்குள் வந்தது. மிச்சம் இன்னும் காட்டிலேயே இருக்கிறது. நோய் தாங்கும் குணம், வறட்சி தாங்கும் குணம் வேண்டும் என்றால் விஞ்ஞானிகள் இன்றும் அந்தப் புல்லைத் தேடிப் போவது இதனால்தான்.

லெனின்கிராத்தில் ஒரு விதைக் களஞ்சியம்

சேர்த்த விதையை வாவிலோவ் பெட்டியில் பூட்டி வைத்துவிடவில்லை. நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில், வடக்கின் குளிரிலிருந்து தெற்கின் வெயில் வரை, விதைத்துப் பார்க்க வைத்தார். எந்த மண்ணில் எந்த ரகம் நிற்கிறது என்று பதிவு செய்தார்கள். அப்படி விதைத்துப் புதுப்பித்த விதை மறுபடியும் லெனின்கிராத்துக்கு வந்து சேரும்.

1940-ல் அந்தக் களஞ்சியத்தில் சுமார் இரண்டரை லட்சம் மாதிரிகள் இருந்தன. கோதுமை மட்டும் 30,000-க்கு மேல். அந்தக் காலத்தில் உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிய விதைச் சேகரிப்பு இல்லை.

அவசரம் கேட்ட அரசாங்கம்

1930-களில் ஸ்டாலின் ஆட்சி விவசாயிகளின் நிலங்களைப் பறித்துக் கூட்டுப் பண்ணைகளாக்கியது. விளைச்சல் சரிந்து, 1932-33-ல் உக்ரைன் உள்ளிட்ட பகுதிகளில் பல லட்சம் பேர் பஞ்சத்தில் இறந்தார்கள். பழி விழ ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு புது ரகம் உருவாக்கப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். அதை நான்கைந்து வருடத்தில் முடிக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது.

அந்த நேரத்தில் லைசென்கோ என்பவர் முன்னுக்கு வந்தார். விதையை நனைத்துக் குளிரில் வைத்து விதைத்தால், குளிர்காலக் கோதுமையை வசந்த காலத்தில் விதைத்து அறுக்கலாம் என்றார். குளிர் பட்டால்தான் அந்தக் கோதுமை பூக்கும் என்பது உண்மை. வாவிலோவும் தொடக்கத்தில் அவரை ஆதரித்தார். ஆனால் லைசென்கோ அதோடு நிற்கவில்லை. சூழலை மாற்றினால் பயிரின் மரபுக் குணமே மாறிவிடும், மரபணு என்று ஒன்று கிடையாது என்றார். சீக்கிரம் மகசூல் காட்டுவதாக வாக்குக் கொடுத்தார். ஆட்சியாளர்களுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

வாவிலோவ் பொது மேடையில் அதை மறுத்தார். வேளாண் அறிவியல் அகாதமியின் முதல் தலைவராக இருந்த அவர் 1935-ல் அந்தப் பதவியை இழந்தார். 1938-ல் லைசென்கோ அதே நாற்காலியில் உட்கார்ந்தார். 1939-ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்கு வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரால் அங்கே போக முடியவில்லை. பேசாமல் ஒதுங்கியிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். அவர் தன் நிலையிலிருந்து இறங்கவில்லை.

சிறையில் முடிந்த வாழ்க்கை

1940 ஆகஸ்ட் 6. மேற்கு உக்ரைன் மலைப் பகுதியில் விதை சேர்த்துக்கொண்டிருந்த வாவிலோவை அரசு ஆட்கள் காரில் வந்து கூட்டிப்போனார்கள். அவர் விட்டுப்போன மூட்டையைச் சக விஞ்ஞானிகள் பிரித்துப் பார்த்தபோது, உமி ஒட்டிய ஒரு பழங்காலக் கோதுமையின் கதிர்கள் இருந்தன. அதுதான் அவர் கடைசியாகச் சேர்த்தது.

நாட்டின் விவசாயத்தைக் கெடுத்தவர், வெளிநாட்டு உளவாளி என்று குற்றம் சாட்டினார்கள். 1941 ஜூலையில் சில நிமிட விசாரணையில் மரண தண்டனை கொடுத்தார்கள். மறு வருடம் அதை இருபது வருடச் சிறையாகக் குறைத்தார்கள். மாஸ்கோ சிறையில் இருந்தபோது கூட இருந்த கைதிகளுக்கு அவர் பாடம் நடத்தினார். உலக விவசாய வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை.

ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியதும் கைதிகளைச் சரத்தோவுக்கு மாற்றினார்கள். இருபத்தி நான்கு வருடங்களுக்கு முன் அவர் பேராசிரியராக நடந்த அதே ஊர். போரால் இடம் பெயர்ந்த அவர் மனைவி எலேனா பாருலினாவும் மகன் யூரியும் அப்போது அதே சரத்தோவில்தான் இருந்தார்கள். எலேனா பருப்புப் பயிர் ஆராய்ச்சியாளர். கணவர் மாஸ்கோவில் இருப்பதாக நினைத்து, தங்கள் பங்கு உணவிலிருந்து மிச்சம் பிடித்து அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். சிறை பக்கத்திலேயே இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

1942-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவர் எங்கே இருக்கிறார் என்பதே வெளி உலகத்துக்குத் தெரியாது. 1943 ஜனவரி 26-ல், உணவு இல்லாமல் உடல் நலிந்து, சரத்தோவ் சிறையில் வாவிலோவ் இறந்தார். வயது 55. பலரோடு சேர்த்துப் புதைத்தார்கள். எந்த இடம் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

விதையைத் தின்னாமல் இறந்தவர்கள்

அவர் சிறையில் இருந்த காலத்தில் லெனின்கிராத் நகரத்தை ஜெர்மன் படை வளைத்தது. 1941 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை 1944 ஜனவரி வரை நீடித்தது. முதல் குளிர்காலத்தில் சாதாரண மக்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். அதிலும் மாவைத் தவிர வேறு பலதும் கலந்திருக்கும். நகரத்தில் பல லட்சம் பேர் பசியால் இறந்தார்கள்.

ஆராய்ச்சி நிலையத்துக்குள் டன் கணக்கில் கோதுமை, அரிசி, மக்காச்சோளம், நிலக்கடலை விதைகள் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் ஜன்னல்களை அடைத்து, எலிகளை விரட்டி, முறை வைத்துக் காவல் காத்தார்கள். ஒருவரும் அந்த விதையில் கை வைக்கவில்லை. நெல் ஆராய்ச்சியாளர் திமித்ரி இவானோவ் பசியால் இறந்தார். அவர் பொறுப்பில் ஆயிரக்கணக்கான நெல் விதைப் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. நிலக்கடலைப் பிரிவின் அலெக்சாந்தர் ஷுகினும் அப்படித்தான் இறந்தார். அந்தக் குளிர்காலத்தில் விதைக் காவலில் இருந்தவர்களில் குறைந்தது ஒன்பது பேர் உயிர் விட்டார்கள்.

விதை நெல்லை எடுத்துச் சமைக்கக் கூடாது என்று நம் வீடுகளிலும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லை உயிர் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் இவர்கள்.

சேர்த்த விதை என்ன ஆனது

1955-ல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று சோவியத் நீதிமன்றமே அறிவித்தது. பிறகு ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இன்று அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன.

போருக்குப் பிறகு ரஷ்யாவில் லுக்கியானென்கோ உருவாக்கிய பெசோஸ்தாயா-1 என்ற கோதுமை கிழக்கு ஐரோப்பாவிலும் துருக்கியிலும் பெரிய பரப்பில் பரவியது. அதன் முன்னோர்களில் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ரகமும் உண்டு.

இந்தியாவின் பசுமைப் புரட்சியும் இதே பாடத்தைச் சொல்கிறது. நெட்டையான பழைய கோதுமைக்கு உரம் அதிகம் போட்டால் சாய்ந்துவிடும். ஜப்பானின் நோரின்-10 என்ற குட்டை ரகத்திலிருந்து சாயாத குணத்தை எடுத்தார்கள். அந்த நோரின்-10 ரகத்தின் முன்னோர், தருமா என்ற ஜப்பானிய நாட்டுக் கோதுமையும், அமெரிக்காவில் இருந்த இரண்டு பழைய ரகங்களும். நார்மன் போர்லாக் அந்தக் குட்டைக் குணத்தை மெக்சிகோ ரகங்களில் சேர்த்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை இந்தியாவுக்கு வந்தது. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. கோடிக்கணக்கானவர்களின் பசி தீர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கல்யாண் சோனா என்ற ஒரே ரகம் வட இந்தியாவில் பெரும்பரப்பில் விதைக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் பழுப்புத் துரு அந்த ரகத்தின் தடுப்பை உடைத்தது. பக்கத்துப் பக்கத்து வயலெல்லாம் ஒரே ரகமாக இருந்ததால் நோய் வேகமாகப் பரவியது. 1998-ல் உகாண்டாவில் ஒரு புதிய கருந்துரு கண்டுபிடிக்கப்பட்டது. யுஜி-99 என்று பெயர். ரை பயிரிலிருந்து எடுத்துப் பல நாட்டுக் கோதுமையில் சேர்த்திருந்த ஒரு தடுப்பு மரபணுவை அது முறியடித்தது. எல்லா ரகமும் ஒரே பூட்டைப் போட்டிருந்தால், ஒரு சாவி கிடைத்தாலே போதும், எல்லா வீடும் திறந்துவிடும்.

புதுப் பூட்டு எங்கே கிடைக்கும்? இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. வாவிலோவ் அமெரிக்கா போனபோது ஹாரி ஹார்லன் என்ற விஞ்ஞானியின் வீட்டில் தங்கியிருக்கிறார். அவர் மகன் ஜாக் ஹார்லன் வாவிலோவைப் பார்த்தே விதை தேடும் வேலைக்கு வந்தார். 1948-ல் துருக்கியில் ஒரு கோதுமையை எடுத்து வந்தார். நோஞ்சான் தண்டு, சாயும் பயிர், ரொட்டிக்கும் சுகமில்லை. பதினைந்து வருடம் யாரும் சீண்டவில்லை. பிறகு அமெரிக்காவில் மஞ்சள் துரு பரவியபோது, அந்தக் கோதுமையில்தான் அதைத் தாங்கும் குணம் கிடைத்தது. சில வகைக் கரிப்பூட்டை நோய்களையும் அது தாங்கியது. ஒன்றுக்கும் உதவாத ரகம் என்று அன்றைக்கே தூக்கி எறிந்திருந்தால் அந்தக் குணமும் போயிருக்கும்.

துரு நோய் விஷயத்தில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு. கோடையில் சமவெளியில் கோதுமை இருக்காது. அப்போது துருப் பூஞ்சை நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் தங்கி, காற்றில் ஏறி மத்திய இந்தியாவுக்குப் போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால்தான் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துரு தாங்கும் கோதுமையை அங்கே தேர்வு செய்கிறார்கள்.

விவசாயிகள் கவனத்துக்கு

வாவிலோவின் வாழ்க்கையிலிருந்து எந்தப் பயிர் செய்பவரும் எடுத்துக்கொள்ளக்கூடியவை:

* புது ரகம் நல்ல மகசூல் தருகிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் நிலம் முழுக்க ஒரே ரகம் வேண்டாம். இரண்டு மூன்று ரகமாகப் பிரித்துப் போட்டால், ஒன்றை நோய் அடித்தாலும் மற்றது கை கொடுக்கும்.
* கைவசம் இருக்கும் நாட்டு ரகத்தை முழுவதும் கைவிடாதீர்கள். நாலு பாத்தியாவது வருடா வருடம் போட்டு விதையைப் புதுப்பியுங்கள். சாக்கில் கட்டி வைத்த விதை சில வருடங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும்.
* விதைக்கான கதிரை வயலின் நடுவில், நோயில்லாத செடிகளிலிருந்து எடுங்கள். ஒரே செடியில் எடுக்காமல் பல செடிகளிலிருந்து எடுத்தால்தான் ரகத்தின் பலவகைக் குணமும் தங்கும்.
* கோதுமை, நெல் போன்றவை தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. இவற்றில் கலப்பு பெரும்பாலும் களத்துமேட்டில்தான் நடக்கும். தனியாக அடித்து, தனியாகக் காய வையுங்கள். கம்பு, மக்காச்சோளம் போன்றவற்றில் மகரந்தம் காற்றில் பறக்கும். அவற்றுக்கு வேறு ரக வயலிலிருந்து போதிய இடைவெளி வேண்டும்.
* விதையோடு விவரத்தையும் எழுதி வையுங்கள். ரகத்தின் பெயர், யாரிடம் வாங்கியது, என்ன மண், எத்தனை நாள், எந்த நோயைத் தாங்கியது என்ற விவரம் இல்லாத விதைக்குப் பாதி மதிப்புதான்.
* ஒரே வீட்டில் மட்டும் விதையை வைக்காமல், பக்கத்து ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் கொஞ்சம் கொடுத்து வையுங்கள்.
* பாரம்பரிய ரகம் வைத்திருப்பவர்கள் அதை விவசாயிகள் ரகமாகப் பதிவு செய்யலாம். பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001-ன்படி விவசாயிகளுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.
* டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் குளிரூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர் ரகம் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

வாவிலோவ் சேர்த்த இரண்டரை லட்சம் மாதிரிகளும் எங்கோ ஒரு விவசாயி வீட்டிலிருந்து ஒரு பிடி தானியமாக வந்தவைதான். இந்த அறுவடையில் உங்கள் வீட்டிலும் ஒரு பிடியைத் தனியாக எடுத்து, காய வைத்து, பெயர் எழுதி வையுங்கள்.